டெக்கரேடட் கலைமணி

கலைமணி தன் கல்யாணத்துக்காகத் தானே எழுதிக்கொண்ட பயோடேட்டாவில் பொய் என்று பார்த்தால் ஒரே ஒரு சொல்தான். மற்றதெல்லாம் பிறந்த தேதி, நட்சத்திரம், உயரம் என்று யாரும் கைவைக்க முடியாத சமாசாரங்கள். உயரத்தில் மட்டும் ஷூவையும் சேர்த்து அளந்திருந்தான். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, ஷூ இவனுடையதுதான்.

அந்த ஒரு சொல் டெக்கரேடட். 'எ டெக்கரேடட் என்ஜினியர்' என்று தன் பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தான்.

அர்த்தம் தெரியாமல் போட்டான் என்று யாரும் அவனைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாது. அர்த்தம் நன்றாகவே தெரியும். கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் போட்டாலும் இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒரு மனுஷனுக்கு முன்னால் அந்தச் சொல் வந்து நின்றால், அவன் நெஞ்சில் பதக்கம் தொங்குகிறது, அதை இன்னொருத்தர் குத்திவிட்டிருக்கிறார் என்று அர்த்தம். இங்கிலீஷ் பேப்பரில் கர்னல்களுக்கும் மேஜர்களுக்கும்தான் அது வரும். அதுவும் பெரும்பாலும் அவர்கள் செத்துப்போன மறுநாள்.

தண்டலம் பக்கத்து என்ஜினியரிங் காலேஜில் படித்தபோது இதே கலைமணி ஒரு கேலிப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தான். காலேஜ் ஆண்டுவிழா அழைப்பிதழில் தாளாளர் பெயருக்கு முன்னால் பட்டங்கள் இரண்டு வரிக்கு ஓடியதைப் பார்த்துவிட்டு, 'பெயர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்கு இன்டர்னல் மார்க் இலவசம்' என்று எழுதியவன். ஊரில் ஒருத்தன் விடாமல் எல்லாருடைய அடைமொழியையும் உரித்துத் தொங்கவிட்டவன். அப்பேர்ப்பட்டவனுக்கும் தன் முறை வந்தது. கூசாமல் போட்டுவிட்டான்.

காரணம் இல்லாமல் இல்லை. வெறும் என்ஜினியர் என்று போட்டால் எவன் மதிப்பான்? காலையில் ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேர் என்ஜினியர். மீதிப் பேர் அரியர் வைத்த என்ஜினியர். கலைமணிக்கு வேலை, கார் சீட் ஃப்ரேம் செய்யும் ஒரு கம்பெனியில், ரோபோ வைத்த வெல்டிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. ரோபோவுக்கு இது தேவைப்படவில்லை. அது எப்போதும் சரியாகத்தான் வைத்தது. ஆகவே அவன் வருஷக்கணக்காகச் செய்து வந்தது தலையாட்டுவது மட்டும்தான். அதை எப்படி எழுதுவது?

"இங்க பாரு, இந்த வார்த்தைய நமக்கு நாமே போட்டுக்கக் கூடாது. அடுத்தவங்க போடணும். அதான் இதுக்கு ரூல்" என்று டீ பிரேக்கில் இசக்கியப்பனுக்குப் பாடம் நடத்தினான். இசக்கியப்பன் அதே லைனில் ஆபரேட்டர். நாங்குநேரிக்காரன். வல்லத்தில் ரூம் எடுத்து, ஊர்க்காரப் பையன்களோடு தங்கியிருந்தான்.

"பொறவு நீ எதுக்குவே போட்ட?"

"யாரும் போடலியே."

இசக்கியப்பன் டீயை உறிஞ்சினான். "நல்ல ரூலுதான்" என்றான்.

பயோடேட்டா வாலாஜாபாத் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தது. பெண் பெயர் காவேரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். நாற்பது பெண்கள் அவள் சொன்னால் கேட்பார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். நாற்பத்தோராவதாகச் சேர கலைமணிக்கு ஆட்சேபம் இல்லை.

அவன் கம்பெனியில் இருந்தபோது அவளே போன் செய்தாள்.

"நான் காவேரி. வாலாஜாபாத். உங்க பயோடேட்டா என் கைல கீது."

"சொல்லுங்க" என்றான் கலைமணி, கஸ்டமர் கேர் குரலில்.

"ஒரே ஒரு டவுட்டு. டெக்கரேடட்னு போட்டுகினு கீறீங்க. யாரு பண்ணாங்க?"

"கம்பெனில."

"இன்னா குடுத்தாங்க?"

"மெடல்."

"எதுக்கு?"

கலைமணி எதிர்ச் சுவரைப் பார்த்தான். பாதுகாப்பு வாரம் என்று ஒரு போஸ்டர், அதில் ஹெல்மெட் போட்ட ஒரு கார்ட்டூன் ஆள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"சேஃப்டிக்கு" என்றான்.

"போட்டோ இருந்தா அனுப்புங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கு முன்ன ஒருத்தரு வந்தாரு. மேனேஜர்னு சொன்னாரு. விசாரிச்சா கேன்டீன்ல டோக்கன் குடுக்கறவரு. டோக்கன் குடுக்கறது இன்னா தப்பு? அவரு குடுத்தாதான் எனக்கே சோறு. பொய் சொன்னாரு பாருங்க, அதான் வேணாம்னுட்டேன். எனக்கு வேற கண்டிஷனே இல்ல. சம்பளம் நானே வாங்கறேன். பொய் மட்டும் இருக்கக் கூடாது."

அந்த நிமிஷம் வரை கலைமணிக்கு அது ஒரு சம்பந்தம், அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் அவளைப் பிடித்துப்போய்விட்டது. கொஞ்சம் கம்மியாகப் பிடித்திருந்தால் 'அது சும்மா போட்டதுங்க' என்று சொல்லித் தப்பித்திருப்பான். ரொம்பப் பிடித்துப்போனதால், "அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டான்.

இனி மெடல் வாங்கியாக வேண்டும். நல்லவேளையாகப் பாதுகாப்பு வாரத்தில் கம்பெனியில் எதற்கெடுத்தாலும் போட்டி வைத்தார்கள். கலைமணி வாசகம் எழுதும் போட்டியில் குதித்தான். ஊரையே கேலி செய்த பேனா, இது ஒரு பெரிய விஷயமா? 'கை போனால் கை தட்ட முடியாது' என்று எழுதிக் கொடுத்தான். நடுவர்கள் அதைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். முதல் பரிசு 'பாதுகாப்பே முதல். பிறகுதான் மற்றது' என்று எழுதியவருக்குப் போனது. கலைமணிக்கு ஆறுதல் பரிசு. ஒரு ஹாட்கேஸ்.

மெடல் கொடுத்த போட்டி ஒன்றே ஒன்றுதான், கயிறு இழுத்தல். அதில் ஜெயித்த டீமில் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றவன் இசக்கியப்பன்.

"அண்ணாச்சி, அந்த மெடல ஒரு அஞ்சு நிமிஷம் குடேன்."

"எதுக்குவே?"

"போட்டோ எடுத்துக்கினு குடுத்துர்றேன்."

"வெளிய வச்சு எடு. நல்லா வெளிச்சமா இருக்கும்."

"வெளிய எடுத்தா எவனோ மெடல் வாங்கினாப்ல கீது. ரோபோ முன்னாடி நின்னாதான் என்ஜினியர்."

கம்பெனிக்குள் போன் கொண்டு போகலாம். ஆனால் கேட்டில் செக்யூரிட்டி, கேமரா மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். கலைமணி அந்த ஸ்டிக்கரை நகத்தால் பதமாக உரித்து ஹெல்மெட்டின் மேல் ஒட்டி வைத்தான். ஹெல்மெட் தலைமுடியைக் கெடுக்கிறது என்று அதையும் கழற்றி வைத்தான். ரோபோ முழுசாக ஃபிரேமில் வரவில்லை என்று தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி இரண்டடி உள்ளே போனான். அங்கே ஆள் வந்தால் ரோபோ தானாக நின்றுவிடும். நின்றது. லைனும் நின்றது. மேலே சிவப்பு விளக்கு சுழல, கீழே கழுத்தில் இரவல் மெடலோடு கலைமணி செல்போனைப் பார்த்துச் சிரித்தான்.

போட்டோவில் அவனுக்குப் பின்னால் ரோபோவும், ரோபோவுக்குப் பின்னால் சேஃப்டி ஆபீசர் சுப்பராயனும் தெளிவாக விழுந்திருந்தார்கள்.

"நானும் இருபது வருஷமா சர்வீஸ்ல கீறேன்" என்றார் சுப்பராயன். அவர் கோபப்படவில்லை, நெகிழ்ந்துதான் போயிருந்தார். "இத்தினி வயலேஷன ஒரே போட்டோல நான் பாத்ததே இல்ல தம்பி. இத ட்ரெயினிங்ல காட்டணும்."

போட்டோ காவேரிக்குப் போகவில்லை, சுப்பராயனிடம் போனது. ஆரஞ்சுக் கோட்டு கலைமணி தலையில் விழுந்தது இப்படித்தான்.

அந்தக் கோட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். விதி மீறினவனுக்குப் போட்டுவிடும் கோட்டு அது. கையில்லாதது, இருட்டில் மின்னும் பட்டை வைத்தது. முதலில் முதுகில் 'விதி மீறியவர்' என்றே அச்சடித்திருந்தார்கள். அது மனுஷனை அவமானப்படுத்துகிறது என்று தொழிலாளர்கள் சண்டை போட்டார்கள். உடனே ஹெச்.ஆர். ஒரு கூட்டம் போட்டு, தண்டனையை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றியது. இப்போது முதுகில் தங்க நிற எழுத்தில் 'சேஃப்டி அம்பாசடர்' என்று இருக்கும். கோட்டு போட்டவன் தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லாருக்கும் முன்னால் நின்று உறுதிமொழி வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் எல்லாரும் கைதட்ட வேண்டும். ஊக்கப்படுத்துகிறார்களாம். அடுத்து ஒருத்தன் மாட்டும் வரை வேலை நாளில் கோட்டைக் கழற்றக் கூடாது, பஸ்ஸிலும் கூட.

இந்த வழக்கம் அந்த வட்டாரத்துக்கே பொதுவானது. ஒரு கம்பெனியில் கையில் பட்டை கட்டுவார்கள், இன்னொரு கம்பெனியில் மஞ்சள் தொப்பி வைப்பார்கள். பெயர் மட்டும் எல்லா இடத்திலும் முடிசூட்டு விழா மாதிரி இருக்கும்.

கலைமணி கோட்டு போட்ட நாளிலிருந்து கம்பெனியில் ஒருத்தன் விதி மீறவில்லை. ஹெல்மெட்டோடு பாத்ரூம் போனார்கள். மஞ்சள் கோட்டைப் பார்த்தால் பாம்பைப் பார்த்த மாதிரி ஒதுங்கினார்கள். அவன் எழுதிய எந்த வாசகமும் சாதிக்காததை அவன் முதுகு சாதித்தது.

"நான் வேணா ஹெல்மெட்ட கழட்டட்டாவே? கோட்டு எங்கிட்ட வந்துரும்லா?" என்றான் இசக்கியப்பன்.

"நீ கான்ட்ராக்ட்டு. உன்ன கோட்டு போட வெக்க மாட்டாங்க, வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. சும்மா இரு."

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். காவேரியின் அப்பா. பெயர் சின்னப்பையன். அறுபதைத் தாண்டியவர், பெயர் வைத்தவர்கள் அவர் வளருவார் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளைப் பையனைச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பதுதான் சரியான விசாரணை என்பது அவர் கொள்கை.

அவர் பார்த்தது இதுதான். கேட் திறக்கிறது. நூறு பேர் ஒரே நீலச் சட்டையில் வருகிறார்கள். நடுவில் ஒருத்தன் மட்டும் முதுகில் தங்க எழுத்து மின்னும் ஆரஞ்சுக் கோட்டில் வருகிறான். "அம்பாசடர் சார், வணக்கம்!" என்று ஒருத்தன் சல்யூட் அடிக்கிறான். "அம்பாசடருக்கு வழி வுடுங்கப்பா!" என்கிறான் இன்னொருத்தன். ஒரு பொடியன் அவன் தலைக்கு மேல் குடை பிடிக்கிறான்.

சின்னப்பையன், பக்கத்தில் டீ வாங்க வந்த இசக்கியப்பனைக் கேட்டார். "அந்தத் தம்பி போட்டுகினு வர்றது இன்னாது?"

"அம்பாசடர் கோட்டு அய்யா."

"எல்லாருக்கும் குடுப்பாங்களா?"

"அதெப்படி? ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான்."

"யாரு குடுக்கறது?"

"சேஃப்டி ஆபீசரே கையால போட்டு விட்டாரு. நாங்க எல்லாரும் கைதட்டுனோம். தெனமும் தட்டுதோம்."

இசக்கியப்பன் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் வினையே.

சின்னப்பையன் எழுந்து வந்து கலைமணியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் காவேரி அப்பா" என்றார். கலைமணி வாயைத் திறந்தான். அதற்குள் அவர் கோட்டின் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தன் துண்டால் தட்டிவிட்டார். "அழுக்குப் படாம வெச்சுக்கோ தம்பி. இதெல்லாம் எல்லார்க்கும் கெடைக்கற சமாசாரமா?" என்றார். கலைமணி வாயை மூடிக்கொண்டான். டீக்கடைக்காரர் இரண்டு பேரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். "முதுகும் தெரியணும், திரும்பு தம்பி" என்று சொல்லி இன்னொன்றும் எடுக்க வைத்தார் சின்னப்பையன்.

இரவு காவேரியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'அப்பா போட்டோ காட்டினார். ஞாயிற்றுக்கிழமை வாங்க. கோட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னார்.' பின்னால் ஒரு ஸ்மைலிகூட இல்லை.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? கலைமணி அந்த மெசேஜை அகராதி மாதிரி புரட்டிப் புரட்டிப் படித்தான். லைன் லீடர் அவள். இந்தக் கம்பெனி வட்டாரம் முழுக்க நடக்கிற சங்கதி அவளுக்குத் தெரியாமல் எப்படி? தெரிந்தால் ஏன் வரச் சொல்கிறாள்? நேரில் வேண்டாம் என்று சொல்வதற்கா? டோக்கன்காரருக்காவது போனிலேயே சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, துணைக்கு இசக்கியப்பன் என்று ஆட்டோவில் போனார்கள். அம்மா மரகதம் கேசரி கிண்டி, கலைமணி வாங்கிய ஆறுதல் ஹாட்கேஸிலேயே எடுத்து வந்திருந்தாள். கோட்டு ஒரு பையில் இருந்தது.

ஊர் முனையில் ஆட்டோ தானாக ஸ்லோ ஆனது. இருபதடி பேனர். அதில் ஆரஞ்சுக் கோட்டோடு கலைமணி. ஒரு பக்கம் முகம், ஒரு பக்கம் முதுகு. 'ஒரகடத்தின் விருது நாயகனே வருக! சேஃப்டி அம்பாசடரே வருக!' என்று ரோஜாப்பூ வண்ணத்தில் எழுத்து. காவேரியின் அண்ணன் ரத்தினம் வாலாஜாபாத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தான். அவனுக்கு ஒருத்தரை வாய் திறந்து வாங்க என்று சொல்ல வராது. அச்சடிக்கத்தான் வரும்.

"பொண்ணு பாக்குறதுக்கே இம்புட்டுன்னா..." என்றான் இசக்கியப்பன்.

"வாய மூடு" என்றான் கலைமணி. காலேஜ் தாளாளரின் இரண்டு வரிப் பட்டம் ஞாபகம் வந்தது. அவருக்குக்கூட முதுகைப் போட்டதில்லை.

வீடு நிறைய உறவுக்காரர்கள். எல்லாரும் கோட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். சின்னப்பையன் பையிலிருந்து அதை எடுத்து உதறி, பட்டுச் சட்டைக்கு மேல் தன் கையாலேயே போட்டுவிட்டார். ஒரு பெரியம்மா பட்டையைத் தொட்டுப் பார்த்து, "ஜரிகையா?" என்று கேட்டாள்.

கலைமணி உட்கார்ந்து எதிரே பார்த்தான். டி.வி.க்கு மேலே சுவரில் கண்ணாடி போட்ட பெரிய போட்டோ ஒன்று. சுற்றிலும் சீரியல் லைட். போட்டோவில் காவேரி, தலையில் மஞ்சள் தொப்பி. தொப்பியில் 'குவாலிட்டி சாம்பியன்' என்று இங்கிலீஷில் எழுத்து. முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"நம்ம பொண்ணுக்கும் கம்பெனில குடுத்தாங்க" என்றார் சின்னப்பையன் பெருமையாக. "போன வருஷம். ஒரு வாரம் தொப்பியோடதான் வந்துகினு போய்கினு இருந்தா. நான்தான் புடிச்சி நிக்க வெச்சி போட்டோ எடுத்தேன்."

கலைமணி திரும்பினான். சமையலறை வாசலில் காவேரி நின்றுகொண்டிருந்தாள். அவன் போட்டோவைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். காபித் தட்டோடு வந்தவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

இப்போது கணக்கு வெகு சுலபமாகிவிட்டது. இவன் கோட்டைப் பற்றி அவள் பேச மாட்டாள். அவள் தொப்பியைப் பற்றி இவன் பேசவேண்டாம். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தை மாதத்தில் கல்யாணம். சுவரில் பக்கத்திலேயே இன்னொரு ஆணிக்கு இடம் இருந்தது.

"ரெண்டு வார்த்த பேசு தம்பி" என்றார் சின்னப்பையன். "தெனமும் கம்பெனில நின்னு பேசுவியாமே. கேட்டுக்கினு வந்தேன். எல்லாரும் கைதட்டுவாங்களாமே."

கலைமணி எழுந்தான். நல்லதாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் எழுந்தான். ஆனால் 'பொய் மட்டும் இருக்கக் கூடாது' என்ற போன் குரல் காதில் இருந்தது. உடம்பில் கோட்டு இருந்தது. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் அவன் வாய்க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கலைமணி ஆகிய நான்" என்று ஆரம்பித்தான். "பாதுகாப்பு விதிகளை மீறினேன். கேமரா ஸ்டிக்கரை உரித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். மஞ்சள் கோட்டைத் தாண்டி ரோபோவிடம் போனேன். அதற்காக எனக்கு இந்தக் கோட்டு போடப்பட்டிருக்கிறது. இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன். என்னைப் பார்த்து நீங்களும் திருந்துங்கள்."

பழக்கதோஷத்தில் இசக்கியப்பன் கைதட்டினான். அதைப் பார்த்து வீடே கைதட்டியது. பெரியம்மாதான் பலமாகத் தட்டினாள்.

சின்னப்பையன் மட்டும் தட்டவில்லை. "இன்னா தம்பி சொன்ன?" என்றார் மெல்ல.

"இது பரிசு இல்லீங்க. தண்டன."

மரகதம் ஹாட்கேஸை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாரோ டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்கள், டி.வி. ஓடவே இல்லை என்பதைக் கவனிக்காமல்.

காவேரி காபித் தட்டைக் கீழே வைத்தாள். வாசற்படியில் நின்றபடியே, லைனில் ஒரு பீஸ் கெட்டுப்போனால் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏன் ஸ்டிக்கர உரிச்சீங்க?"

"போட்டோ எடுக்க."

"ஏன் போட்டோ?"

"மெடலோட நீங்க கேட்டீங்க."

"ஏன் மெடல் வாங்கினேன்னு சொன்னீங்க?"

"பயோடேட்டால டெக்கரேடட்னு போட்டுட்டேன்."

"ஏன் போட்டீங்க?"

கேலிப் பக்கம் நடத்திய காலத்திலிருந்து யாரையும் அவன் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

"வெறும் பேரு மட்டும் போட்டா பத்தாதுன்னு தோணுச்சு" என்றான்.

காவேரி அவனைப் பார்த்தாள். பிறகு டி.வி.க்கு மேலே பார்த்தாள். அந்தப் போட்டோவைப் பற்றி அவன் மூச்சுகூட விடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அது அவளை என்னவோ செய்தது.

"பா" என்றாள். "அந்தத் தொப்பியும் அதான் பா."

"எது?"

"ஒரு தட்டு பீஸ் மாத்தி அனுப்பிட்டேன். லோடு திரும்பி வந்துச்சி. ஒரு வாரம் தொப்பி வெச்சாங்க. நீ பஸ் ஸ்டாப்புல பாத்துட்டு, எம் பொண்ணுக்குக் கிரீடம் வெச்சிக்கீறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிகினு வந்த. எனக்கு வாய் வரல."

சின்னப்பையன் போட்டோவைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். சீரியல் லைட் பச்சை, சிவப்பு என்று மாறி மாறி எரிந்தது. ரத்தினம் எழுந்து போய் அதன் சுவிட்சை அணைத்தான். அவன் சார்பில் அன்றைக்கு வந்த ஒரே கருத்து அதுதான்.

"அப்போ" என்றார் சின்னப்பையன் கடைசியில், "உங்க கம்பெனிலெல்லாம் தப்புப் பண்ணவனுக்கு கோட்டு, தொப்பி, கைதட்டல். ஒழுங்கா வேல செய்யறவனுக்கு இன்னா தான் குடுப்பாங்க?"

"ஹாட்கேஸ் மாமா" என்றான் கலைமணி.

மரகதம் சட்டென்று மூடியைத் திறந்து நீட்டினாள். கேசரி இன்னும் சூடாகத்தான் இருந்தது. முதலில் சிரித்தது யார் என்று பிற்பாடு இரண்டு வீட்டுக்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டார்கள். சின்னப்பையன்தான் என்று இசக்கியப்பன் சத்தியம் செய்வான்.

கிளம்பும்போது காவேரி பயோடேட்டாவை எடுத்து வந்து அவனிடம் ஒரு பேனாவையும் கொடுத்தாள்.

"அந்த வார்த்தைய அடிச்சிட்டுக் குடுங்க. எனக்கு இது வேணும்."

கலைமணி அடித்தான். "அந்த எடத்துல வேற இன்னா போடட்டும்?"

"ஒண்ணும் போடாதீங்க. காலியா இருக்கட்டும். போடறதா இருந்தா நான் போடறேன்." தாளை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "உயரத்தையும் பாத்துக்கோங்க. நேர்ல கொஞ்சம் கம்மியா தெரியுது" என்றாள்.

கோட்டு, திங்கட்கிழமை வேறு முதுகுக்கு மாறியது. ட்ரெயினிங் கிளாஸில் கலைமணியின் போட்டோவைத் திரையில் காட்டிக்கொண்டே பின்னால் நடந்த சுப்பராயன், மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டார். உறுதிமொழி வாசிக்கும்போது அவர் குரல் உடைந்ததாகச் சொல்கிறார்கள்.

கல்யாணம் தையில் முடிந்தது. கல்யாணத்துக்கு ரத்தினம் பேனர் போட்டான். மணமக்கள் பெயர், தேதி, மண்டபம். அதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. வாலாஜாபாத்தில் அப்படி ஒரு பேனரைப் பார்த்திராத ஜனங்கள், பாதியில் காசு தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார்கள்.

பழைய பேனரைச் சின்னப்பையன் தூக்கிப் போடவில்லை. நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ். அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே தன் வயல் நெல்லைக் குவித்துவிட்டு மூட்டை போட முறைக்காகக் காத்திருந்தபோது வானம் இருண்டது. அவர் குவியல் மேல் அதை விரித்து நான்கு முனையிலும் கல் வைத்தார். மறுநாள் காலை கம்பெனி பஸ் அந்த வழியாகப் போனபோது ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். கலைமணியும் எட்டிப் பார்த்தான்.

ராத்திரி முழுக்கப் பெய்திருந்தது. வழியெல்லாம் மற்றவர்கள் நெல் நனைந்து கிடந்தது. மாமனார் குவியல் மேல் மட்டும், ஆரஞ்சுக் கோட்டில், மல்லாந்து கிடந்தபடி அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மூக்கின் குழியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு மைனா அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் இசக்கியப்பன்தான் முதலில் கைதட்டினான்.